வாடைக்காற்றில் திமிங்கிலமும் முருகைக்கல்லும்: யாழ்ப்பாணத்தில் இருந்து போகிறவர்களுக்கு

டிசம்பரில் கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்கியதும் எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் இதே கதைதான்: "திருகோணமலையில திமிங்கிலம் பாக்கலாமாம், ஒருக்காப் போட்டு வருவமே?" கேட்க நல்லாத்தான் இருக்கும். கிட்டடியில் இருக்கிற கடல், தமிழில் கதைக்கலாம், நிலாவெளியில் இருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் முருகைக்கல் பார்க்கப் புறாத்தீவும் இருக்கிறது. ஆனால் டிசம்பரில் அங்கே போகாதீர்கள். அந்த நேரம் வாடை என்கிற வடகிழக்குக் காற்று நேராகக் கிழக்குக் கரையில் அடிக்கும், கடல் கலங்கிப் போயிருக்கும், படகு வெளிக்கிட்டாலும் ஒன்றும் தெரியாது.

காற்றைப் பார்த்துத்தான் கரையைத் தெரிவு செய்ய வேண்டும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுத் தொடங்கியதும் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வந்து வாடி அடிப்பதும், வாடை தொடங்க முதல் தங்கள் கரைக்குத் திரும்பிப் போவதும் எல்லோருக்கும் தெரியும். திமிங்கிலம் பார்க்கிறவர்களும் அதையேதான் செய்ய வேண்டும். நவம்பரில் இருந்து ஏப்ரல் வரை தெற்கும் மேற்கும், அதாவது மிரிஸ்ஸவும் கற்பிட்டியும். பங்குனிக்குப் பிறகு சோளகக் காலம் முடியும்வரை திருகோணமலை. உங்கள் லீவு மாரியில்தான் என்றால் தெற்கோ மேற்கோ என்று முதலே முடிவெடுத்துவிடுங்கள், வீட்டில் எவ்வளவு வாக்குவாதம் வந்தாலும் சரி.

மாரி என்றாலும் எல்லா மாதமும் ஒன்றில்லை. நவம்பர் முழுக்கவும் டிசம்பர் முற்பகுதியும் வங்காள விரிகுடாவில் புயல் எழும்புகிற காலம். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி புரெவி கரையேறியது எங்களுக்கு மறக்காது. அப்படி ஒரு தாழமுக்கம் வந்தால் தெற்குக் கடலும் குழம்பும், A9 வீதியிலும் வெள்ளம் நிற்கலாம். ஆகவே டிசம்பர் 20க்கு முதல் எதையும் பதியாதீர்கள். பள்ளிக்கூட லீவுப் பிரச்சினை இல்லாதவர்கள் தைப்பொங்கல் முடிந்த கையோடு வெளிக்கிடலாம். என் கணக்கில் ஜனவரி நடுப்பகுதியில் இருந்து மார்ச் கடைசி வரைதான் மிக நல்ல காலம். நத்தார், வருடப்பிறப்புக் கிழமையை விட அப்போது தெற்கில் அறைகளும் மலிவு.

இனி மிரிஸ்ஸவா கற்பிட்டியா என்ற கேள்வி.

நீலத் திமிங்கிலம்தான் வேண்டும் என்றால் மிரிஸ்ஸ. இலங்கையின் தெற்கு முனையில், தெவிநுவர என்கிற தேவேந்திரமுனைப் பக்கம், கரையில் இருந்து கொஞ்சத் தூரத்திலேயே கடலடி சட்டென்று ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அங்கே இறால் போன்ற சின்ன உயிர்கள் பெருகும், அவற்றைத் தின்னத்தான் 20 மீற்றரைத் தாண்டிய நீளமுள்ள இந்த உயிர் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகிறது. வேறு இடங்களில் நீலத் திமிங்கிலங்கள் உணவுக்காகக் குளிர்க் கடலுக்குப் போய்த் திரும்புகின்றன. எங்கள் கடலில் உள்ளவற்றில் பல வருடம் முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்கிவிடுகின்றன என்பதை ஆஷா டி வொஸ் என்ற இலங்கை ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். 2003 இல் அவர் தெற்குக் கடலில் கண்ட சிவப்பு நிறத் திமிங்கிலக் கழிவில் இருந்துதான் அந்த ஆராய்ச்சி தொடங்கியது. படகில் இருக்கும்போது தண்ணீரில் அப்படி ஒரு நிறத்தைக் கண்டால் ஓட்டுநருக்குச் சொல்லுங்கள், திமிங்கிலம் அங்கேதான் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

கற்பிட்டியில் டொல்பின்தான் முதலிடம். சுழன்று பாயும் சாதி, நூற்றுக்கணக்கில் ஒன்றாக வரும், சிறுபிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அதைவிடச் சந்தோசம் வேறில்லை. பெட்டி போன்ற சதுரத் தலையுள்ள எண்ணெய்த் திமிங்கிலம் அங்கே அகப்படும், ஆனால் அதற்கு மார்ச், ஏப்ரல்தான் கூடுதல் வாய்ப்பு. கற்பிட்டியின் பெரிய வசதி தூரமும் மொழியும். வவுனியா, அனுராதபுரம், புத்தளம் போய்ப் பாலாவியில் திரும்பினால் ஏறக்குறைய 300 கிலோமீற்றர், வான் வண்டியில் காலையில் வெளிக்கிட்டால் பின்னேரம் கடற்கரையில் நிற்கலாம். கண்டக்குளியிலும் ஆலங்குடாவிலும் படகுக்காரரோடு தமிழிலேயே விலை பேசலாம், காற்றைப் பற்றியும் கேட்கலாம். மிரிஸ்ஸ என்றால் கொழும்பு வரை 400 கிலோமீற்றர், அதற்கு மேல் இன்னும் 150. ஒரே மூச்சில் போகாதீர்கள். இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ கொழும்புக்குப் போய், கோட்டையில் இருந்து மாத்தறை ரயிலைப் பிடித்தால் கடலோரமாகவே போகலாம். விரைவு ரயில்கள் சில மிரிஸ்ஸவில் நிற்காது, அப்போது வெலிகமவில் இறங்கி ஓட்டோ பிடியுங்கள். வடக்கு ரயில் நேரங்கள் அடிக்கடி மாறுவதால் அந்தக் கிழமையில் ஒருக்கா ஸ்டேஷனில் கேட்டுவிட்டுத் திட்டம் போடுவது நல்லது.

முதல் தடவை நாங்கள் மிரிஸ்ஸவுக்குப் போனபோது ஒரே ஒரு இரவுதான் தங்கத் திட்டம் போட்டிருந்தோம். விடிய எழும்பிப் போனால் காற்றுப் பெலம், படகு இல்லை என்றார்கள். மாமாவுக்கு மற்ற நாள் விமானம், அப்படியே திரும்பிவிட்டோம். அடுத்த வருடம் போனபோது கடல் கண்ணாடி மாதிரி இருந்தது, திமிங்கிலமும் வந்தது, ஆனால் மலிவு என்று நாங்கள் ஏறிய படகு மற்றப் படகுகளோடு போட்டி போட்டு அதைத் துரத்தியது. பத்துப் பன்னிரண்டு படகுகள் சுற்றி வளைத்தன. அந்தப் பெரிய உயிர் ஒரு தடவை மூச்சு விட்டுவிட்டுக் கீழே போனது, பிறகு வரவேயில்லை. படகில் எங்கள் தங்கச்சியின் மகள் அழுதாள். அதனால்தான் இன்றைக்கு எந்தப் படகைப் பதியும்போதும் நான் முதல் கேட்பது விலையை இல்லை: "எவ்வளவு தூரத்தில் நிற்பாட்டுவீர்கள்?"

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2012 இல் வந்த வனசீவராசிகள் ஒழுங்குவிதியின்படி படகு திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குள் போகக் கூடாது. நல்ல ஓட்டுநர் பக்கவாட்டில் மெதுவாக வந்து, இயந்திரத்தைத் தணித்து, காத்திருப்பார். அவசரப்படாமல் நிற்கிற படகுக்குப் பக்கத்தில்தான் திமிங்கிலம் நிம்மதியாக நாலைந்து தடவை மூச்சு விடும், நீங்களும் வடிவாகப் பார்ப்பீர்கள். "கிட்டக் கொண்டுபோய்க் காட்டுறம்", "கூட நீந்தலாம்" என்று யாராவது விளம்பரம் பண்ணினால் அந்தப் படகில் ஏறவே வேண்டாம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, அதிலும் பிள்ளைகளின் அளவுக்கு இருக்கிறதா, அனுமதிச் சீட்டுக் காசு விலைக்குள் அடக்கமா, திமிங்கிலம் தெரியாவிட்டால் அடுத்த நாள் திரும்பக் கூட்டிப்போவார்களா என்பதையும் காசு கொடுக்க முதல் கேளுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்தவர்களுக்குக் கட்டணம் வேறு, இலங்கை அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் அதை மறக்காமல் கொண்டுபோக வேண்டும்.

தெற்கில் திமிங்கிலங்களுக்குப் படகுகளை விடப் பெரிய ஆபத்து கப்பல்கள். உலகத்திலேயே நெரிசல் கூடிய கப்பல் பாதைகளில் ஒன்று தேவேந்திரமுனையை உரசிக்கொண்டு போகிறது, திமிங்கிலம் சாப்பிடுகிற இடமும் அதுதான். 2022 இல் எம்எஸ்சி என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களை இன்னும் தெற்கே தள்ளி அனுப்பத் தொடங்கியது. மற்றவர்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். படகில் இருந்து பார்க்கும்போது தொடுவானத்தில் வரிசையாகப் போகிற கப்பல்களைக் காண்பீர்கள், அந்த வரிசைக்கு நடுவில் ஒரு நீர்த்தாரை எழும்பும்போது நெஞ்சு ஒரு தடவை திக்கென்கும்.

படகுகள் விடிய ஆறு, ஆறரைக்கு வெளிக்கிடும், மூன்று மணித்தியாலத்தில் இருந்து ஐந்து வரை எடுக்கும். கடல் ஒத்துக்கொள்ளுமா என்று பயமுள்ளவர்கள் போவதற்கு முதல் குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவுக்கு ஒருக்காப் போய் வாருங்கள். அந்த ஒரு மணித்தியாலத்தைத் தாங்கினால் இதையும் அனேகமாகத் தாங்கலாம். தாங்காதவர்கள் பார்மசியில் கேட்டுத் தலைச்சுற்றுக் குளிசையை ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முதலே போடவேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பலனில்லை. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது: இரண்டு துண்டுப் பாண், கொஞ்சம் இஞ்சித் தேத்தண்ணி போதும். படகின் நடுவிலோ பின்னாலோ இருங்கள், முனையில் ஆட்டம் கூட. கண்ணைத் தொடுவானத்தில் வையுங்கள். போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள்தான் முதல் விழுவார்கள். மார்கழியில் திருவெம்பாவைக்கு மரக்கறி பிடிக்கிற அம்மாமார் கூட வந்தால் தெற்கில் மரக்கறிக் கடை தேடி அலையாமல் முதல் நாளுக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவது நல்லது.

எது எந்தத் திமிங்கிலம் என்று தூரத்திலேயே சொல்லிவிடலாம். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு ஒன்பது மீற்றர் வரை நேராக, தூண் மாதிரி எழும்பும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூச்சு பதிவாக, முன்பக்கம் இடது பக்கமாகச் சரிந்து வரும். அது வாலைத் தூக்கி இறங்கினால் முக்கால் மணித்தியாலம்கூட மேலே வராது. நீலம் பத்து நிமிடம் போல இருந்துவிட்டுத் திரும்ப எழும்பும். ஆகவே பொறுமையாக இருங்கள்.

மத்தியானம் கரைக்கு வந்து கொஞ்சம் நித்திரை கொண்டுவிட்டு, பின்னேரம் தெவிநுவரவுக்குப் போங்கள். ஐந்து ஈச்சரங்களில் ஒன்றான தொண்டீச்சரம் இருந்த ஊர் அது, 1588 இல் போர்த்துக்கேயர் இடித்தார்கள். இன்று அங்கே விஷ்ணு தேவாலயம் இருக்கிறது, முனையில் உயரமான வெளிச்சவீடு நிற்கிறது. காலையில் நீங்கள் போய் வந்த கடல் முழுவதும் அங்கிருந்து தெரியும்.

முருகைக்கற்பாறைக்கு வேறு நாள் ஒதுக்குங்கள். அலையில் ஆடிக் களைத்த உடம்போடு அதே நாள் ஸ்நோர்க்கல் போட்டு நீந்துவது ஆபத்து. எங்கள் ஆட்களுக்கு முருகைக்கல் புதிதில்லை, நெடுந்தீவில் மதிலே அதால்தான் கட்டியிருக்கிறார்கள், கிட்டப் போய்ப் பார்த்தால் பூப் போன்ற அச்சு தெரியும். ஆனால் அது உயிரோடு இருக்கும்போது எப்படி இருக்கும் என்பதை எங்களில் அனேகர் கண்டதில்லை. ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு சின்னப் பிராணி, அதற்குள் இருந்து உணவு கொடுக்கிற பாசி. கடல் அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பாசி வெளியேறிக் கல் வெளுத்துப்போகும். 1998 இலும் 2016 இலும் கற்பிட்டியின் பார் ரீஃப் என்கிற முருகைக்கற்பாறை அப்படித்தான் பாதிக்கப்பட்டது. ஆகவே படங்களில் உள்ள நிறங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மீன் கூட்டத்துக்காகவும், திரும்ப முளைக்கிற இளம் கிளைகளுக்காகவும் போங்கள்.

நீந்தத் தெரியாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மாத்தறையின் பொல்ஹேன நல்லது, பாறை அலையை மறித்து உள்ளே குளம் மாதிரி ஆக்கிவிடுகிறது. ஹிக்கடுவவில் ஆமைகள் கரைக்கே வரும், 2002 இல் இருந்து அது தேசியப் பூங்கா. ஆமைக்குப் பாசி கொடுக்கச் சொல்லி யாராவது கையில் திணித்தால் வாங்காதீர்கள். கண்ணாடித் தளப் படகுகள் ஆழம் குறைந்த இடத்தில் கல்லில் உரசும் என்பதால் நான் ஏறுவதில்லை, இடுப்பளவு தண்ணீரில் முகமூடி போட்டாலே போதும். அந்த முகமூடியை வாடகைக்கு எடுக்கும்போது பட்டி போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. கல்லில் மட்டும் மிதிக்காதீர்கள், கையாலும் பிடிக்காதீர்கள். மூளை போல உருண்ட சாதி வருடத்துக்கு ஒரு சென்றிமீற்றர் போலத்தான் வளரும், ஒரு மிதியில் பல வருட வளர்ச்சி போய்விடும். சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக நீளக் கைச் சட்டை போடுங்கள், சில கிறீம்களில் உள்ள ஒக்சிபென்சோன் முருகைக்கு நஞ்சு.

டிசம்பர் 26 ஆம் திகதி ஹிக்கடுவவில் நிற்க நேர்ந்தால் பெரேலியவில் இருக்கிற சுனாமி நினைவிடத்துக்கு ஒருக்காப் போங்கள். 2004 இல் ரயிலோடு ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போன இடம். எங்கள் வடமராட்சியும் முல்லைத்தீவும் அதே காலையில்தான் சனத்தைக் கொடுத்தன.

மொத்தத்தில் தெற்குக்கு ஐந்து இரவு, கற்பிட்டிக்கு மூன்று இரவு கணக்குப் போடுங்கள். அதில் ஒரு காலையை ஒன்றும் எழுதாமல் வெறுமனே விடுங்கள், காற்றுப் பெலத்தால் படகு நின்றால் அந்தக் காலை உதவும். திமிங்கிலத்தை முதல் நாளிலும் முருகைக்கல்லைப் பிறகும் வைத்தால் நாள் மாற்ற இடம் இருக்கும். வாலைப் படம் எடுத்தால் திகதி, நேரம், இடத்தோடு சேர்த்து வையுங்கள், வாலின் ஓர வெட்டுகளையும் முதுகுப் புள்ளிகளையும் வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஒவ்வொரு திமிங்கிலத்தையும் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள். போனை விடச் சின்னக் கமெரா நல்லது, அதைத் தண்ணீர் புகாத பையில் வைத்துக் கழுத்தில் கட்டிவிடுங்கள், படகு திரும்பும்போது சாரல் அடிக்கும்.