டிவி வால் மவுண்ட்: சுவரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதும் மாட்டுவதும்

புதிய டிவி வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் வால் மவுண்ட்டைத் தேடுகிறார்கள். ஒட்டி நிற்பதா, சாய்வதா, பக்கவாட்டில் திரும்புவதா என்று பலரிடம் விசாரித்து வாங்கி வந்த பிறகுதான் சுவர் எப்படிப்பட்டது என்ற கேள்வியே எழுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இந்த வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2004இல் இரண்டு மாவட்டங்களாகப் பிரிந்தாலும் கட்டுமானப் பழக்கம் இங்கே ஒன்றுதான்: பழைய வீடுகளில் கருங்கல் சுவர், அதற்குப் பின் கட்டியவற்றில் செங்கல், அண்மைக் காலத்தில் ஹாலோ பிளாக் அல்லது சாலிட் பிளாக். ஒரே வீட்டிலேயே முன்கூடம் கல்லாகவும், பின்னால் சேர்த்துக் கட்டிய அறை ஹாலோ பிளாக்காகவும் இருப்பது வெகு சாதாரணம். எல்லாச் சுவரும் வெளியே ஒரே சிமெண்ட் பூச்சுடன் இருப்பதால், உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

பாலக்கோடு பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் கூடத்தில் 43 அங்குல டிவியை மாட்ட வேண்டியிருந்தது. கடையிலிருந்து அனுப்பப்பட்டவர் சிறிய டிரில்லிங் மெஷினை வைத்துச் சிறிது நேரம் முயன்றுவிட்டு, "இந்தச் செவுத்துக்கு நம்மளால ஆகாதுங்க" என்று சொல்லிப் புறப்பட்டுவிட்டார். பிறகு கல்வேலை தெரிந்த கொத்தனாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு நானே மாட்டி முடித்தேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுவதால், கல் சுவரைப் பற்றிய பகுதி இங்கே மற்றவற்றைவிட நீளமாக இருக்கும்.

சுவரைத் தெரிந்துகொள்வது

டிவியின் பின்னால் மறைந்துவிடக்கூடிய ஓர் இடத்தில் 6 மி.மீ. பிட்டால் சிறு துளை ஒன்று போட்டு, கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் உதிர்வது பூச்சின் சாம்பல் நிறத் தூள். அதன் பிறகு வரும் தூள்தான் சுவரின் அடையாளம். சிவப்பாக வந்தால் செங்கல். சாம்பல் நிறமாகவே தொடர்ந்து, மூன்று சென்டிமீட்டர் அளவுக்குப் பின் பிட் திடீரென்று உள்ளே பாய்ந்தால் ஹாலோ பிளாக். பாயாமல் சீராக இறங்கினால் சாலிட் பிளாக் அல்லது கான்கிரீட். மாவு போன்ற வெளிறிய நுண்தூள் வந்து, பிட் கீச்சென்று சத்தமிட்டபடி அங்கேயே நின்று சுற்றினால் அது கருங்கல். பழுப்பு மண் உதிர்ந்து பிட் எளிதாக இறங்கினால், நீங்கள் இரண்டு கற்களுக்கு நடுவே உள்ள மண் சாந்தில் நிற்கிறீர்கள்.

அந்தத் துளையிலேயே பூச்சின் கனத்தையும் அளந்துவிடுங்கள். செங்கல் சுவரில் பூச்சு 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும். கல் சுவர் மேடு பள்ளமாக இருப்பதால் அதைச் சமன் செய்யப் பூசியது சில இடங்களில் 40 மி.மீ. வரை போய்விடும். பூச்சுக்கு எடை தாங்கும் வலு கிடையாது. ஸ்க்ரூவைப் பிடிப்பதற்காகத் துளைக்குள் அடிக்கும் 50 மி.மீ. பிளாஸ்டிக் பிளக்கில் 40 மி.மீ. பூச்சிலேயே நின்றுவிட்டால், மீதி 10 மி.மீ. மட்டுமே டிவியைப் பிடித்திருக்கும்.

துளையிடும் முன் மின்சாரத்தைக் கவனியுங்கள். சுவருக்குள் பதித்த வயர் பெரும்பாலும் சுவிட்ச் போர்டிலிருந்து நேர் மேலே செல்லும். அந்த நேர்க்கோட்டின் இரு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள். அந்தச் சுவரின் இணைப்பை எம்.சி.பி.யில் (மெயின் பெட்டியில் உள்ள தடுப்பு சுவிட்சில்) நிறுத்திவிட்டு, டிரில்லுக்கு வேறொரு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூலம் மின்சாரம் எடுப்பதே பாதுகாப்பு.

மவுண்ட்டைத் தேர்ந்தெடுப்பது

டிவியின் பின்புறம் உள்ள நான்கு துளைகளின் இடைவெளியை வெசா என்ற அமைப்பு தரப்படுத்தியிருக்கிறது. 100க்கு 100, 200க்கு 200, 400க்கு 400 மி.மீ. என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பது அதுவே. டிவி எத்தனை அங்குலம் என்பதை வைத்து இதை ஊகிக்காதீர்கள். ஒரே 43 அங்குலத்தில் வெவ்வேறு கம்பெனிகளின் இடைவெளி வெவ்வேறாக இருக்கும். டேப்பை வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

ஒட்டி நிற்கும் மவுண்ட்டில் டிவிக்கும் சுவருக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். கேபிளின் முனை டிவியின் பின்பக்கம் நேராகச் செருகப்படுவதாக இருந்தால், அந்த இடைவெளியில் அது மடங்கி நசுங்கும். இந்தக் காரணத்துக்காகவே நான் சாயும் மவுண்ட்டை விரும்புகிறேன். அதில் இடைவெளி சற்று கூடுதல்; மேலே மாட்டிய டிவியைக் கீழ்நோக்கிச் சாய்க்கவும் முடியும்.

கை நீட்டித் திரும்பும் மவுண்ட்டை வாங்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 10 கிலோ டிவி சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி நிற்கிறது, மவுண்ட்டில் சுவரோடு முடுக்கும் தகட்டின் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ் விளிம்புக்கும் இடைவெளி 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், மேல் ஸ்க்ரூக்களை வெளியே பிடுங்கும் இழுவை ஏறக்குறைய இரண்டரை கிலோ. அதே டிவியைக் கையை நீட்டி 40 செ.மீ. வெளியே கொண்டுவந்தால் அந்த இழுவை 20 கிலோவாகிறது. கையின் சொந்த எடையும், குழந்தைகள் பிடித்து இழுப்பதும் இதற்கு மேல். நல்ல செங்கல் சுவரும் கான்கிரீட்டும் இதைத் தாங்கும். ஹாலோ பிளாக் சுவரிலும் மண் சாந்தில் கட்டிய கல் சுவரிலும் கை நீளும் மவுண்ட் வேண்டவே வேண்டாம்.

கடையில் தகட்டைக் கையில் வாங்கி இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், நெளிந்தால் வைத்துவிடுங்கள். நீளவாக்கில் அடுத்தடுத்துப் பல துளைப் பிளவுகள் உள்ள தகடாக எடுப்பது நல்லது. அதன் அருமை துளையிடும்போது தெரியும். மவுண்ட்டுடன் ஒரு பொட்டலத்தில் தரும் பிளக்கையும் ஸ்டார் ஸ்க்ரூவையும் நான் பயன்படுத்துவதில்லை. ஹார்டுவேர் கடையில் 10 மி.மீ. நைலான் பிளக்கும், அதற்கேற்ற அறுகோணத் தலை ஸ்க்ரூவும், வாஷரும் தனியாக வாங்கி ரிங் ஸ்பேனரால் முடுக்குவதே என் வழக்கம். ஸ்டார் ஸ்க்ரூவின் தலை கல்லில் முடுக்கும்போது பாதியிலேயே தேய்ந்துவிடும்.

உயரம்

சோபாவில் உட்காருபவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 105 செ.மீ. உயரத்தில் இருக்கும், பாயில் உட்காருபவருக்கு 75 முதல் 80 செ.மீ. நம் வீடுகளில் இரு வகையாகவும் உட்காருவதால், திரையின் நடுப்பகுதி 95 முதல் 100 செ.மீ.க்குள் வருமாறு வைப்பது பொருத்தம். கதவு நிலைக்கு மேலே மாட்டிவிட்டு அண்ணாந்து பார்ப்பவர்களுக்குக் கழுத்து வலி நிச்சயம்.

இந்த உயரத்தைச் சுவரில் குறிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள், ஏனெனில் டிவியின் துளைகள் அதன் நட்டநடுவில் இருப்பதில்லை. மேசை மீது கனமான ஜமக்காளத்தை விரித்து, டிவியைத் திரை கீழாகப் படுக்க வைத்து, மவுண்ட்டுடன் வரும் செங்குத்துப் பட்டைகள் இரண்டையும் பின்புறம் பொருத்துங்கள். சுவருக்குரிய தகட்டையும் படுத்த நிலையிலேயே அந்தப் பட்டைகளில் கொக்கியிட்டு, டிவியின் கீழ் விளிம்பிலிருந்து தகட்டின் துளை வரை அளந்துவிட்டால் எந்தக் கூட்டல் கழித்தலும் குழப்பாது. உதாரணமாக, டிவியின் உயரம் 56 செ.மீ., நடுப்பகுதி 100 செ.மீ.யில் வர வேண்டும் என்றால் கீழ் விளிம்பு 72 செ.மீ.யில் நிற்க வேண்டும். கீழ் விளிம்பிலிருந்து துளை வரை 33 செ.மீ. வந்தால், சுவரில் 105 செ.மீ. உயரத்தில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டை ரசமட்டம் வைத்துப் போட வேண்டும். பழைய வீட்டின் தரையும் கூரையும் சரிந்திருக்கக் கூடும் என்பதால் அவற்றை வைத்துச் சரிபார்க்கக் கூடாது.

டிவியின் பின்னால் முடுக்கும் ஸ்க்ரூவின் நீளத்தில் கவனம் தேவை. துளையில் ஒரு தீக்குச்சியை முட்டும் வரை விட்டு, அதில் நகத்தால் குறித்து ஆழத்தை அறிந்துகொள்ளுங்கள். பட்டையின் கனம் போக உள்ளே செல்லும் பகுதி அந்த ஆழத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மீறினால் உள்ளே இருக்கும் போர்டு உடையும். முதல் சில சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். விரலுக்கு இடம் கொடுக்காத ஸ்க்ரூ வேறு அளவு மரையுடையது என்று பொருள். இந்த இடத்தில் பேட்டரி ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே கூடாது.

துளையிடுதல்

செங்கல்லும் சாலிட் பிளாக்கும் எளிது. 10 மி.மீ. பிட்டில் பிளக்கின் நீளத்தைவிட 10 மி.மீ. கூடுதலாக அளந்து டேப் ஒட்டி, அதுவரை துளைத்து, தூளை ஊதி வெளியேற்றி, பிளக்கை அடித்து ஸ்க்ரூவை முடுக்கினால் வேலை முடிந்தது. பூச்சு கனமாக இருந்தால் 80 மி.மீ. பிளக் வாங்குங்கள்.

கல் சுவருக்கு முதலில் சரியான மெஷின் வேண்டும். வீடுகளில் இருக்கும் சாதாரண இம்பாக்ட் டிரில் அதிர்வை மட்டுமே தருகிறது. கருங்கல்லில் அது பிட்டின் முனையைத்தான் மழுக்கும். எஸ்.டி.எஸ். எனப்படும் பள்ளமிட்ட தண்டுள்ள பிட் பொருந்தும் ரோட்டரி ஹேமர் உள்ளே இருக்கும் பிஸ்டனின் காற்றழுத்தத்தால் பிட்டை அடிப்பதால், கல் நொறுங்கி வழிவிடுகிறது. ஒரு சுவருக்காக இதை விலைக்கு வாங்கத் தேவையில்லை. ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, பிட்டை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை மெஷினுடன் வரும் பிட் பெரும்பாலும் தேய்ந்திருக்கும்.

பூச்சுக்கு அடியில் கல்லின் முகம் சரிவாக இருந்தால் பிட் வழுக்கிக் குறியிலிருந்து விலகும். எனவே குறித்த இடத்தில் பூச்சை உளியால் கொத்தி எடுத்து, கல்லில் ஒரு சிறு பள்ளம் விழச் செய்து, ஹேமர் இல்லாமல் மெதுவாகச் சுற்றித் தொடங்கி, பிட் நின்று பிடித்த பிறகே ஹேமரைப் போட வேண்டும். முதலில் 6 மி.மீ., பிறகு 10 மி.மீ. என்று இரு கட்டமாகப் போங்கள். உடல் பலத்தைக் கொடுத்து அழுத்துவதில் பயனில்லை, மெஷின் தானே அடிக்கும். பத்துப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை வெளியே இழுத்து ஆறவிடுங்கள். சூடான பிட்டைத் தண்ணீரில் முக்கினால் கார்பைடு முனை விரிசல் விடும். கருங்கல் தூளில் சிலிக்கா இருக்கிறது. குவாரித் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கோசிஸ் நோய்க்குக் காரணம் அந்தத் தூள்தான். நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் தொடங்காதீர்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. தகட்டின் துளைகள் வரும் நான்கு இடங்களிலும் கல்லே கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை; ஒன்று கல்லின் நடுவிலும் மற்றொன்று மண் சாந்திலும் விழும். மண் சாந்தில் பிளக்கோ ஆங்கர் போல்ட்டோ நிற்காது. முடுக்க முடுக்கச் சாந்து உதிர்ந்து துளைதான் பெரிதாகும். தகட்டில் பல பிளவுகள் இருந்தால் ஐந்தாறு சென்டிமீட்டர் நகர்த்திக் கல்லைத் தேடலாம். அதிலும் அமையாதபோது எனக்குக் கைகொடுத்தது பலகை முறை.

18 மி.மீ. கனமுள்ள, ஐ.எஸ். 710 முத்திரையிட்ட மரைன் பிளைவுட்டில் 60க்கு 40 செ.மீ. துண்டு ஒன்றை ஆசாரியிடம் வெட்டி வாங்குங்கள். 43 அங்குல டிவி ஏறக்குறைய 96 செ.மீ. அகலம் என்பதால் பலகை வெளியே தெரியாது. மவுண்ட்டின் தகட்டை அதன் மீது வைத்துத் துளைகளைக் குறித்து, பலகையின் பின்பக்கமிருந்து 8 மி.மீ. போல்ட்டுகளைச் செருகுங்கள், போல்ட் தலை பலகைக்குள் அமிழும்படி பின்பக்கம் குடைந்திருக்க வேண்டும். பிறகு பலகையைச் சுவரில் கோட்டுக்குச் சரியாகப் பிடித்து, கல் எங்கெல்லாம் கிடைக்கிறதோ அங்கெல்லாம் பலகையோடு சேர்த்துத் துளையிட்டு, குறைந்தது ஆறு இடங்களில் முடுக்குங்கள். துளைகள் ஒழுங்கான வரிசையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனால் மேல் பாதியில் குறைந்தது மூன்று துளைகள் இருக்க வேண்டும்.

சுவர் சமமாக இல்லாததால் பலகை ஒரு மூலையில் ஆடும். அந்த நிலையில் ஸ்க்ரூவை இறுக்கினால் பலகை வளைந்து, அதன் மேல் உட்காரும் தகடும் முறுக்கிக்கொள்ளும். கடைசியில் டிவி ஒரு பக்கம் தூக்கியபடி நிற்கும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பின்னால் இடைவெளி எவ்வளவு என்று பார்த்து, அந்தக் கனத்துக்குப் பிளைவுட் சில்லையோ வாஷர்களையோ அடைகொடுத்த பிறகே முடுக்குங்கள். இந்த ஒரு வேலைக்கு அரை மணி நேரம் கூடுதலாகச் செலவானாலும் தகும்.

ஹாலோ பிளாக் சுவரிலும் இதே பலகை உதவும். அங்கே எடையைப் பல புள்ளிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதே நோக்கம். விரியும் இரும்பு ஆங்கர் பிளாக்கின் மெல்லிய ஓட்டைப் பிளந்துவிடும் என்பதால், உட்குழியில் முடிச்சு விழுந்து பிடிக்கும் நீளமான நைலான் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். பெரிய டிவியாக இருந்து, சுவரின் மறுபக்கம் உங்கள் வீட்டு அறையாகவே இருந்தால், சுவரை ஊடுருவிச் செல்லும் போல்ட்டும் மறுபக்கம் ஓர் இரும்புப் பட்டையும் வைப்பது இன்னும் உறுதி.

தொங்கவிடுதல்

டிவியை மாட்டும் முன், தகட்டைப் பிடித்து உங்கள் எடையில் ஒரு பகுதியைக் கொடுத்துக் கீழ்நோக்கி இழுத்துப் பாருங்கள். டிவியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கேபிள்களை முன்னதாகவே செருகிவிடுங்கள். பட்டைகளின் மேல் கொக்கி இரண்டும் தகட்டில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கையை எடுக்கலாம். கீழே உள்ள பூட்டு ஸ்க்ரூவை முடுக்க மறக்காதீர்கள். ஒரு வாரம் கழித்துச் சுவர் ஸ்க்ரூக்களை ஒருமுறை ஸ்பேனரால் சோதிப்பது நல்லது, ஏனெனில் பிளைவுட் சற்று அமுங்கியிருக்கும்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்த ஓசூர் வாசகர் ஒருவர், தம் அடுக்குமாடி வீட்டுச் சுவரில் வெள்ளை மாவு போன்ற தூள் வருவதாகவும், கல் என்று எண்ணி ஹேமர் போட்டபோது துளை அகன்றுவிட்டதாகவும் எழுதியிருந்தார். அது ஏ.ஏ.சி. எனப்படும் இலகு பிளாக். கருங்கல்லிலும் தூள் வெளிறியிருக்கும் என்பதால் நிறத்தோடு பிட்டின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: கல்லில் நகராது, இதில் வெண்ணெயாக இறங்கும். ஏ.ஏ.சி. சுவரில் ஹேமரை முற்றிலும் நிறுத்தி வெறும் சுழற்சியில் துளையிட்டு, அந்தச் சுவருக்கென்றே விற்கப்படும் நீளமான பிளக்கைப் பயன்படுத்துங்கள். அகன்றுபோன பழைய துளையில் சிமெண்ட்டை அடைத்து அங்கேயே பிளக்கை அடிக்க வேண்டாம். பத்து சென்டிமீட்டர் தள்ளிப் புதிய துளை போடுவதே சரி.