க்வெண்டலின் ப்ரூக்ஸின் ஏழு பையன்கள்: எங்கே தப்பாகப் படிக்கிறோம்?

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் க்வெண்டலின் ப்ரூக்ஸின் ‘வி ரியல் கூல்’ மிகச் சின்னக் கவிதை. எட்டே வரி, 24 சொற்கள், எல்லாமே ஓரசை. பள்ளியை விட்டுவிட்டு, பில்லியர்ட்ஸ் போன்ற ‘பூல்’ ஆட்டம் நடக்கும் கிளப்பில் ஆடிக்கொண்டிருக்கும் ஏழு பையன்கள் பேசுகிறார்கள். 1959-இல் ‘பொயட்ரி’ இதழில் வெளிவந்து, அடுத்த ஆண்டு ‘தி பீன் ஈட்டர்ஸ்’ தொகுப்பில் சேர்ந்தது. சட்டென்று படித்து முடித்துவிடலாம் என்பதாலேயே இதைத் தப்பாகப் படிப்பதும் சுலபம்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் கடைசி வரி. ‘சீக்கிரம் செத்துப்போவோம்’ என்று அது முடிகிறது. உடனே, “பார்த்தாயா, படிக்காமல் சுற்றினால் இதுதான் கதி” என்று அறிவுரைப் பலகையில் எழுதி மாட்டிவிடுகிறோம். சரி, அதைச் சொல்வது யார்? வாத்தியாரும் இல்லை, கவிஞரும் இல்லை, பையன்களே சொல்கிறார்கள். தங்களுக்கு என்ன ஆகும் என்பது அவர்களுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது. தெரிந்தவனிடம் போய் எச்சரித்து என்ன பயன்? பள்ளி நேரத்தில் கிளப்பில் இருந்த பையன்களைப் பார்த்தபோது, ‘ஏன் பள்ளிக்குப் போகவில்லை’ என்று கேட்காமல், ‘தங்களைப் பற்றி இவர்கள் என்ன நினைத்துக்கொள்கிறார்கள்’ என்றுதான் தனக்குள் கேட்டுக்கொண்டதாக ப்ரூக்ஸ் சொல்லியிருக்கிறார். கவிதை பிறந்ததே அந்தக் கேள்வியில்தான்.

அடுத்தது, வாசிக்கும் தொனி. மேடையில் பலர் இதை மார்தட்டிக்கொண்டு வாசிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘நாங்கள்’ என்ற சொல் தனியாகத் தொங்குகிறது. ப்ரூக்ஸ் அதை மெல்லிய குரலில்தான் உச்சரிப்பார்; பையன்களுக்குள் இருக்கும் நிச்சயமின்மை அதில் தெரிய வேண்டும் என்பது அவர் விளக்கம். எட்டாவது வரியின் முடிவில் மட்டும் அந்த ‘நாங்கள்’ இல்லை. கத்தி வாசித்தால் இது காதில் விழவே விழாது.

வர்க்கம் என்று வரும்போது இன்னொரு தவறு: கலகக்கார இளைஞன் என்றாலே ஏழை என்று முடிவுகட்டுவது. இதற்கு ப்ரூக்ஸே 1945-இல் பதில் எழுதிவிட்டார். ‘எ ஸ்ட்ரீட் இன் பிரான்ஸ்வில்’ என்ற முதல் தொகுப்பில் உள்ள ஒரு கவிதையில், வீட்டின் முன்வாசலிலேயே வளர்க்கப்படும் ஒரு சிறுமி பேசுகிறாள். ரோஜா அலுத்துவிட்டதாம், களை மண்டிய பின்பக்கத்துக்குப் போய் விளையாட வேண்டும், அங்கே தர்மத்தில் வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா முகம் சுளிக்கிறாள். இதைப் பணக்காரப் பெண், ஏழைக் குழந்தைகள் என்று இரண்டு உலகமாகப் பிரிக்க வேண்டாம். பிரான்ஸ்வில், சிகாகோ நகரின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. இங்கே வர்க்கம் ஒரே வீட்டின் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் இருக்கிறது.

இந்தச் சிறுமியின் கவிதையைக் கொண்டாடுபவர்கள், அதில் வரும் ஜார்ஜ் என்ற பையனைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போன குளிர்காலத்தில் அந்த வீட்டுப் பின்பக்க கேட்டையே விற்றுவிட்டவன் அவன். என்றாவது ஒருநாள் ஜெயிலுக்குப் போவான் என்கிறாள் அம்மா. சிறுமி ஆசைப்படும் கலகமோ, கறுப்பு லேஸ் காலுறையும் முகப்பூச்சும் போட்டுக்கொண்டு தெருவில் ஒய்யாரமாக நடப்பது. அவள் அலுத்தால் முன்வாசலுக்குத் திரும்பிவிடலாம். ஜார்ஜுக்கு அப்படி ஒரு வாசல் கவிதையில் எங்கும் இல்லை.