ஊபே ஐஸ்கிரீம்: ஊதா நிறமும் மென்மையும் கெடுவது எங்கே?

பிலிப்பைன்ஸில் தெருவண்டி ஐஸ்கிரீமிலும் ஹாலோ ஹாலோ என்ற ஐஸ் துருவல் இனிப்புக் கிண்ணத்தின் உச்சியிலும் இருக்கும் ஊதா நிறம் ஊபே கிழங்கினுடையது. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் கஞ்சி காய்ச்சும் ராசவள்ளிக் கிழங்கும் இதே இனம்தான். பாலும் தேங்காயும் பட்டதும் லேசான வனிலா, முந்திரி வாசம் எழும். அதுதான் இதன் ருசி.

முதல் தவறு கிழங்கை வாங்குவதிலேயே நடக்கிறது. ஊதாச் சர்க்கரைவள்ளியை ராசவள்ளி என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். ராசவள்ளியின் தோல் மரப்பட்டைபோலச் சொரசொரப்பாக இருக்கும், வெட்டினால் கை வழுக்கும். சர்க்கரைவள்ளிக்குத் தோல் மெல்லியது, வழுவழுப்பு கிடையாது. அதிலும் ஐஸ்கிரீம் வரும், ஆனால் இந்த வாசம் வராது. ராசவள்ளியைப் பச்சையாகத் துருவினால் சிலருக்குக் கை அரிக்கும், அரைவேக்காட்டில் நாக்கும் அரிக்கும்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது வேகவைப்பதில். தோல் சீவி, துண்டு போட்டுத் தண்ணீரில் கொதிக்கவிட்டால் நிறம் தண்ணீரோடு போய்விடும். போதாததற்குக் கிழங்கு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். அந்தத் தண்ணீர்தான் பிறகு நாக்கில் நறநறக்கும் பனித்துகள். தோலோடு பெரிய துண்டுகளாக்கி 35 முதல் 45 நிமிடம் ஆவியில் வைத்து, கத்தி தடையில்லாமல் இறங்கியதும் எடுங்கள். சூடு ஆறுமுன் தோலுரித்து மசித்து, சல்லடையில் தேய்த்து நாரை நீக்குங்கள். மிக்ஸியில் ஓட்டவே வேண்டாம். மாவுச்சத்து உடைந்து பசையாகிவிடும், பிறகு எதைச் சேர்த்தாலும் சரியாகாது.

மசித்த கிழங்கு 250 கிராம், கெட்டியான முதல் தேங்காய்ப்பால் 200 மி.லி., கண்டென்ஸ்டு மில்க் 250 கிராம், உப்பு கால் டீஸ்பூன். இவற்றை அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் 15 முதல் 20 நிமிடம், பக்கங்களை விட்டுச் சுருண்டு வரும்வரை கிளறுங்கள். ஈரம் வற்றுவது இங்கேதான், அவசரப்படக் கூடாது. இரண்டாம் பால் ஊற்றினால் அந்த ஈரமெல்லாம் திரும்ப வந்துவிடும். இரும்புச் சட்டியில் நிறம் கறுக்கும். ருசி கூட்ட எலுமிச்சை பிழிந்தால் ஊதா சிவப்பாகும், சோடா உப்பு பட்டால் நீலப்பச்சையாகும். இந்த நிறமியான அந்தோசயனினின் குணம் அது.

கிழங்கை அள்ளிப் போட்டால் நிறம் கூடும் என்பதும் தவறு. அளவு மிஞ்சினால் ஐஸ்கிரீம் மாவுபோல உதிரும். பாலேடு சேர்ந்தபின் இயற்கை நிறம் வெளிர் ஊதாதான். கடையில் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் எசென்ஸின் வண்ணம்.

கலவையை 4 மணிநேரம் ஃபிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிர்ந்த பிறகே கிரீமில் சேர்க்க வேண்டும். வெதுவெதுப்பு இருந்தாலும் கிரீம் தளர்ந்துவிடும். 300 மி.லி. விப்பிங் கிரீமை, கரண்டியைத் தூக்கினால் நுனி வளைந்து விழும் பதத்துக்கு மட்டும் அடியுங்கள். அதற்குமேல் போனால் வெண்ணெய் திரளும். கிழங்குக் கலவையை மூன்று தடவையாகப் பிரித்து இதில் சேர்த்து, அடியிலிருந்து மேலாக மடித்துக் கலந்து, தட்டையான டப்பாவில் ஊற்றி, மேற்பரப்பில் ஒட்டினாற்போல் தாள் மூடி, −18 டிகிரியில் 8 மணிநேரம் வையுங்கள். கிழங்கு சேர்ந்த ஐஸ்கிரீம் சற்று இறுகும். வெளியே எடுத்து 10 நிமிடம் கழித்து அள்ளுங்கள்.