தக்காளிப் புழுவுக்கு மருந்தடிக்க முன்னம்: வீட்டுத்தோட்டக்காரர் விடுற பிழைகள்

ஓட்டை விழுந்த காயைக் கண்டாப் பிறகுதான் கன ஆக்கள் மருந்துப் போத்தலைத் தேடுறவை. அந்த நேரம் காய்ப்புழு உள்ளுக்க போட்டுது, மேல எவ்வளவு அடிச்சாலும் அதில படாது. இதின்ர அந்துப்பூச்சி பூவுக்குக் கிட்ட இருக்கிற குருத்து இலையள்ல ரவை மாதிரி ஒவ்வொரு முட்டையா வச்சிட்டுப் போகும், பொரிச்ச குஞ்சுப்புழு கொஞ்சநாள் இலையைச் சுரண்டித் தின்னும், பேந்துதான் காய்க்குள்ள இறங்கும். உங்களுக்குக் கிடைக்கிறது அந்த இடைவெளி மட்டும்தான். பூக்கத் தொடங்கினா விடிய தண்ணி விடேக்க இலையளை வடிவாப் பிரட்டிப் பாருங்கோ, கையால நசிச்சு விடுறதுக்கு மிஞ்சின மருந்து நாலு கண்டுக்குத் தேவையில்லை.

பகலில தேடிப்போட்டு ஒண்டுமில்லை எண்டு விடுறது அடுத்த பிழை. வெட்டுப்புழு வளர்ந்தாப் பிறகு பகலில மண்ணுக்குள்ளயும் சருகுக்குக் கீழயும் கிடந்திட்டு இரவில ஏறித் தின்னும், ரோச் லைற்றோட போனாத்தான் ஆளைப் பிடிக்கலாம். இதின்ர அந்துப்பூச்சி காய்ப்புழுவின்ரதைப் போல ஒவ்வொண்டா முட்டை வைக்காது, மண்ணிற மயிரால மூடி ஒரே குவியலா வைக்கும், அந்த இலையைக் கிள்ளி எறிஞ்சா நூற்றுக்கணக்கில போகும்.

பி.ரி. எண்டுற பக்ரீரியா மருந்தை உச்சி வெயிலில அடிச்சுப்போட்டு, அடுத்தநாள் புழு உயிரோட நிக்குது எண்டு வேற மருந்தும் அடிக்கிறவை இருக்கினம். அது பட்டுச் சாகிற மருந்தில்லை, புழு தின்னோணும், தின்னாக் கெதியில தீனியை நிப்பாட்டும், ஆனா சாக ரெண்டு மூண்டு நாள் செல்லும். வெயிலில பழுதாப்போற சாமான் எண்டபடியா பின்னேரம்தான் அடிக்கோணும், அதுவும் புழு சின்னனா இருக்கேக்க. வேப்பங்கொட்டைக் கரைசலும் உப்பிடித்தான், உடன விழுத்தாது. ஒரு லீற்றர் தண்ணிக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு இரவு ஊறவிட்டு, துணியில வடிச்சு, துளி சவர்க்காரம் கரைச்சு இலைக்குக் கீழ்ப்பக்கமும் படுற மாதிரி அடியுங்கோ. வோஷிங் பவுடரை அள்ளிப்போட்டா இலை கருகும்.

இதுகளை விட எனக்கு விசர் வாற விஷயம், கடையில வாங்கின நஞ்சை "கொஞ்சம் கூடப் போட்டாக் கேக்கும்" எண்டு கூட்டிக் கலக்கிறதும், அடிச்சு முடிய ராங்கியைக் கிணத்தடியில கொண்டுபோய்க் கழுவுறதும். எங்கட யாழ்ப்பாணத்தில நிலத்தடித் தண்ணி நிக்கிறது சுண்ணக்கல்லுக்க, கொட்டுறது கீழ இறங்கக் கனநேரம் எடுக்காது, அதே கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி வைக்கிறதும் நீங்கள்தான். லேபிளில அடிச்சு எத்தினை நாளால பிடுங்கலாம் எண்டு போட்டிருக்கும், அதைப் பாக்காம அடுத்தநாளே சம்பலுக்குப் பிடுங்குற வீடுகளும் இருக்கு.

புழுவின்ர உடம்பில வெள்ளைக் கூடுகள் ஒட்டியிருந்தா அதை நசியாதேங்கோ. குளவிக் குஞ்சுகள் ஏற்கனவே அதைத் தின்டு முடிச்சிட்டுதுகள், வெளிக்கிடுற குளவியள் மற்றப் புழுக்களைத் தேடிப்போகும். புலுனிக் குருவியள் புழு தேடிக் கண்டுக்குக் கீழ கிண்டினாலும் கலையாதேங்கோ.

ஓட்டை விழுந்த காயளைப் பிடுங்கிக் கண்டடியிலயே போடுறதும் கூடாது, புழு வெளிய வந்து மண்ணுக்க போய்க் கூட்டுப்புழுவாகி, திருப்பி அந்துப்பூச்சியா வரும். கோழிக்குப் போடுங்கோ, இல்லாட்டி சவர்க்காரத் தண்ணி வாளிக்குள்ள போடுங்கோ. பக்கத்தில மிளகாய்க் கண்டு நிண்டா அதையும் ஒருக்காப் பாருங்கோ, இதே காய்ப்புழு அதிலயும் நிக்கும்.