புது டயர் முன்னாலா, பின்னாலா?

கார் டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். என் முன் டயர்கள் இரண்டும் அந்த மேடு வரை தேய்ந்துவிட்டன. அதாவது மிச்சம் 1.6 மி.மீ. தான். சரி, இரண்டை மட்டும் மாற்றலாம் என்று போனேன்.

பழைய டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88எச் என்று இருந்தது. அகலம் 185 மி.மீ., பக்க உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். கடைக்காரர் 195 போடச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அவர் முதலில் எடுத்துவந்ததில் 1421 என்ற எண். 2021-இன் 14-வது வாரத் தயாரிப்பு. பளபளப்பாகத்தான் இருந்தது, ஆனாலும் புதிய தயாரிப்பைக் கேட்டு வாங்கினேன்.

கோட்டைவிட்டது வேறு இடத்தில். புதியவற்றை முன்னாலேயே மாட்டிவிட்டேன். முதல் மழையிலேயே ஒரு வளைவில் பின்பக்கம் வழுக்கியது; வண்டியை ஓரங்கட்டிய பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. தேய்ந்த டயரால் தண்ணீரைச் சரியாக வெளியேற்ற முடியாது. அது பின்னால் இருந்தால் வண்டி சுழலப் பார்க்கும், சமாளிப்பது கஷ்டம். முன்சக்கர இழுவை வண்டிக்கும் இதே கதைதான்.

மறுநாளே புதியவற்றைப் பின்னால் மாற்றி, அப்படியே வீல் அலைன்மென்ட்டும் பார்த்தேன். அடுத்த மழையில் அதே வளைவு, வண்டி வழுக்கவில்லை.