செடி ஓயும் முன் மோர் மிளகாய்

மாடித் தோட்டத்து மிளகாய்ச் செடியில் காய்ப்பு குறையத் தொடங்கியதும், சித்திரை வெயில் இருக்கும்போதே, பழுக்காத தடித்த காய்களைக் காம்போடு பறித்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நுனிப் பக்கம் சிறிதாகக் கீறிக்கொள்ள வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டால் விதைகள் மோரில் உதிர்ந்துவிடும். கால் கிலோ காய்க்கு ஒரு கோப்பை புளித்த தயிரைக் கெட்டியாகக் கடைந்து, இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு கரைத்து, பீங்கான் ஜாடியில் இரண்டு நாள் ஊறவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், உப்பும் புளிப்பும் அதை அரித்துவிடும். பின்னர், பகலில் காய்களை மட்டும் வெயிலில் உலர்த்தி, மாலையில் அதே மோரில் திரும்பப் போட்டு, மோர் முழுதும் காய்களுக்குள் இறங்கும்வரை இதைத் தொடர வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் சுவை சேர்வது இங்கேதான். ஒடித்தால் சடக்கென முறியும் பதத்தில் காற்றுப் புகாத பாட்டிலில் அடைக்கவும். விதைக்காக ஒன்றிரண்டு நல்ல காய்களைச் செடியிலேயே சிவக்க விடுங்கள்.