வோல்ட், ஆம்பியர், ஓம், வாட்: கணக்கு எங்கே சறுக்குகிறது?

மின்னழுத்தத்தை (வோல்ட்) மின்னோட்டத்தால் (ஆம்பியர்) வகுத்தால் மின்தடை (ஓம்), இரண்டையும் பெருக்கினால் மின்திறன் (வாட்). சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம்தான். அதில் போடும் எண் சுற்றின் எந்த இடத்துக்கு உரியது, எந்த நிலையில் எடுத்தது என்று பார்க்காமல் விடும்போதுதான் விடை தப்புகிறது.

12 வோல்ட் அடாப்டரில் ஒரு சிவப்பு எல்இடியை எரிய வைக்க வேண்டும். அதற்கு 2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் போதும். 12-ஐ 20-ஆல் வகுத்து 0.6 ஓம் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) போட்டால் எல்இடி அந்த நொடியே போய்விடும். இதில் இரண்டு தவறு. 20 மில்லி ஆம்பியர் என்பது 0.02 ஆம்பியர். அடுத்து, எல்இடி 2 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே இருப்பது 10 வோல்ட்தான். ஆக, 10 ÷ 0.02 = 500 ஓம். கடையில் எளிதாகக் கிடைப்பது 470 அல்லது 560, 560 வாங்குங்கள். அதில் சுமார் 18 மில்லி ஆம்பியர் ஓடும், 0.18 வாட் சூடாக மாறும். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும். மூடிய பெட்டிக்குள் வைப்பதானால் அரை வாட் போடுவதே நல்லது. வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை கிலோ ஓமில் வரும் என்பதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொரு பெரிய சறுக்கல் குண்டு பல்பில். 230 வோல்ட், 100 வாட் பல்பில் 0.435 ஆம்பியர் ஓடுகிறது. அப்படியானால் மின்தடை 529 ஓம். அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 40 ஓம் அளவில்தான் காட்டும். அந்த 40-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 1,300 வாட்டைத் தாண்டிவிடும்! மீட்டரில் கோளாறு இல்லை. எரியும்போது டங்ஸ்டன் இழை 2,000 டிகிரிக்கு மேல் சூடாகி, மின்தடை பத்து மடங்குக்கும் அதிகமாக உயர்கிறது. எனவே பல்புக்கு, எரியும்போது அளந்த வோல்ட்டும் ஆம்பியரும்தான் கணக்குக்குச் செல்லுபடியாகும். ஹீட்டரில் இருக்கும் நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பிச் சுருளான காயில் அப்படி அல்ல, சூட்டில் சில சதவீதமே மாறும். 1,000 வாட் ஹீட்டர் காயில் குளிர்ந்திருக்கும்போதும் ஏறக்குறைய 53 ஓம் காட்ட வேண்டும்.

அந்த ஹீட்டருக்கு 230-க்குப் பதில் 200 வோல்ட் வந்தால்? 870 வாட் என்று சொல்லத் தோன்றும். ஆனால் வோல்ட் குறையும்போது ஆம்பியரும் சேர்ந்து குறைகிறது. திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 756 வாட்தான் கிடைக்கும். தண்ணீர் காய நேரமாவது இதனால்தான்.

மோட்டாருக்கு இந்தப் பெருக்கல் மட்டும் போதாது. 230 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 1,150 வோல்ட்-ஆம்பியர். திறன் காரணி (அதில் உண்மையான வாட்டாக எடுக்கப்படும் பங்கு) 0.8 என்றால் உண்மையில் எடுப்பது 920 வாட்.

அளக்கும்போது: ஓம் பார்க்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்து, பொருளின் ஒரு முனையையாவது கழற்றுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பாகங்களின் மின்தடையும் சேர்ந்து குறைவாகக் காட்டும். ஆம்பியர் அளந்த பிறகு சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு வோல்ட் அளக்கப் போனால் நேரடி ஷார்ட். உள்ளே பியூஸ் போகும், சில சமயம் மீட்டரே போகும். வீட்டு மின்சாரத்துக்கு, வயரைச் சுற்றிப் பிடித்தே ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரே பாதுகாப்பு. ஒரே ஒரு வயரை மட்டும் அதன் வளையத்துக்குள் விடுங்கள். பேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனால் ஒன்றையொன்று ரத்து செய்து மீட்டர் பூஜ்யம் காட்டும்.